கொசுறாக வந்த விளையாட்டு

காய்கறிக் கடையில் கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் வாங்கிக் கூடையை நிரப்பிய பிறகு, "கொஞ்சம் கறிவேப்பிலை, கொத்தமல்லி போடுப்பா" என்று கேட்காமல் நம்மில் யாராவது நகர்ந்திருக்கிறோமா? கொசுறுக்குக் காசு கிடையாது. ஆனால் அது இல்லாவிட்டால் ரசம் மணக்காது. இந்த இதழில் நான் சொல்ல வந்ததும் ஒரு கொசுறின் கதைதான். கம்ப்யூட்டரோடு வந்த கொசுறு!

"ஐயோ, கம்ப்யூட்டரா? கை வைத்தியம் ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தா..." என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. இது ஒரு வயிற்றுவலியில் ஆரம்பித்த கதை.

என் சின்னவன் ஐந்தாம் வகுப்பில் இருந்த சமயம். கணக்குப் பரீட்சை என்றால் அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவான். முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சீரகக் கஷாயம். என் மாமியார், "பூச்சித் தொல்லையா இருக்கும், பூச்சி மருந்து குடு" என்றார். அதுவும் ஆயிற்று. வலி நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் அமுக்கிப் பார்த்தார், வேண்டிய பரிசோதனைகளும் செய்தார். பிறகு பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்:

"வலி நிஜம்தாம்மா. பையன் பொய் சொல்லலை. ஆனா காரணம் வயித்துல இல்லை. வீட்டுல அவனுக்குக் கணக்கு யார் சொல்லித் தர்றது?"

"நான்தான் டாக்டர்."

"எப்படிச் சொல்லித் தர்றீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என் வீட்டில் கணக்கு வாத்தியார் நான் இல்லை, என் கையிலிருந்த மர ஸ்கேல்தான். சாயங்காலம் ஆறு மணி. ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் பால்காரர், நடுவில் வாய்ப்பாடு. "ஏழெட்டு எவ்வளவு?" என்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான், ஸ்கேலைப் பார்ப்பான். "ஐம்பத்தி... நாலு?" என்பான். விரல் முட்டியில் ஒன்று விழும். மறுபடி, "ஏழெட்டு?" இந்தத் தடவை பதிலே வராது. அழுகைதான் வரும். 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் அப்பாவும் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார். எனக்கு இன்றைக்கும் கணக்கு வராது என்பது மட்டும் ஏனோ அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில் பொங்கல் லீவுக்கு என் தம்பி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பெரியவளின் பழைய லேப்டாப் ஒன்று, 'ஆன்' செய்தால் உயிர் வருவதற்குள் ஒரு உலை கொதித்து விடும் என்ற நிலையில் பரண்மேல் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தான்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் பயந்து விடாதீர்கள். வீட்டில் நாம் செய்யும் வேலைதான் அது. யாருக்கு எப்போது சாப்பாடு, எந்தச் சாமான் எந்த டப்பாவில், யார் முதலில் குளிப்பது என்று பார்த்துப் பார்த்து நடத்துகிறோமே, அது மாதிரி கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு நிர்வாகம் செய்கிற மென்பொருள். அதுவும் நம்மைப் போலவே கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கிறது!

"இதோட ஒரு கொசுறும் போட்டிருக்கேன்டா" என்று மருமகனைக் கூப்பிட்டான் தம்பி. திரையில் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. எங்கள் காலத்துச் சிலேட்டுப் பலகை மாதிரியே இருந்தது.

"இது என்ன மாமா, கேமா? படமே இல்லையே!"

"படம் உன் மண்டைக்குள்ள இருக்குடா" என்றான் மாமன்காரன்.

இந்தக் கொசுறுக்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன் என்பவர் 1969-ல் கிரகங்களுக்கிடையே பறக்கிற ஒரு விளையாட்டை எழுதினார். அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரில் ஒரு தரம் ஆடினால் சுமார் 75 டாலர் கணக்கில் ஏறியதாம்! அதனால் மூலையில் அதிகம் பேர் தொடாமல் கிடந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பிடித்து, விளையாட்டை அதற்கு மாற்றினார். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் பழகிய கைதான், பிறகு அதிலேயே யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியது. 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சில விளையாட்டுக்கள் இருந்தன. பிறகு கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸில் இந்தக் கூடை இன்னும் நிரம்பியது. அந்தக் கூடைதான் இன்று 'பிஎஸ்டி கேம்ஸ்' என்ற பெயரில் லினக்ஸிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் இந்த வழக்கம் உண்டு. 1991-ல் வந்த எம்.எஸ். டாஸ் 5-ல், க்யூபேஸிக் என்ற நிரல் எழுதும் மொழியோடு இரண்டு விளையாட்டுக்களை வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றில் இரண்டு கொரில்லாக்கள் வாழைப்பழத்தை வீசி அடித்துக்கொள்ளும். எந்தக் கோணம், எவ்வளவு வேகம் என்று நாம் எண்ணாகத் தட்ட வேண்டும். இன்னொன்றில் புழு ஒன்று எண்களைத் தின்று நீளும். விசேஷம் என்னவென்றால், விளையாட்டை எழுதிய விதத்தையே திறந்து படிக்கலாம், மாற்றலாம். அதைத் திறந்து நோண்டிப் பார்த்தே கம்ப்யூட்டர் படிப்புக்கு வந்தவர்கள் பலர். என் தம்பியும் அதில் ஒருத்தன். இன்னொரு செய்தி நமக்காக: அதே கொசுறில் வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுகிற புரோகிராம் ஒன்றும் இருந்தது!

சரி, என் பையன் கதைக்கு வருகிறேன்.

தம்பி முதலில் அவனை உட்கார வைத்தது 'அரித்மெடிக்' என்ற விளையாட்டில். விளையாட்டு என்று சொல்வதே அதிகம். ஒரு கணக்குக் கேட்கும், பதிலைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எது வேண்டுமோ, எந்த எண் வரைக்கும் வேண்டுமோ, அதை முதலிலேயே சொல்லி விடலாம். பதில் சரி என்றால் 'ரைட்!' என்று போடும். தப்பு என்றால்?

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு வந்தது. என் கை தானாகவே பழக்கதோஷத்தில் ஸ்கேல் இருந்த அலமாரிப் பக்கம் போயிற்று. அவன் ஐம்பத்தி நாலு என்று தட்டினான்.

'வாட்?' என்று கேட்டது கம்ப்யூட்டர். அவ்வளவுதான். 'என்னது?' என்று ஒரே ஒரு வார்த்தை. முட்டாள் என்று சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பையனைப் பார் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். விரலை மடக்கி ஏழு ஏழாகக் கூட்டி, ஐம்பத்தாறு என்று தட்டினான். 'ரைட்!'

இருபது கணக்கு முடிந்ததும் எத்தனை சரி, எத்தனை தப்பு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டியது. "இன்னொரு தரம் மாமா" என்றான். வாய்ப்பாட்டை இன்னொரு தரம் என்று அவன் கேட்டு நான் என் ஜன்மத்தில் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து நான்தான் கவனித்தேன். "ஏன்டா, இது ஏழையும் எட்டையுமே திருப்பித் திருப்பிக் கேட்குதே?"

"அதுதான் அக்கா அதோட சூட்சுமம். எந்தக் கணக்கைத் தப்பாச் சொன்னானோ, அந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டு அடிக்கடி கொண்டு வரும். திட்டாது, மறக்கவும் மறக்காது."

நான் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய் விட்டேன். திட்டாமல், அதே சமயம் விடாமல்... இந்த இரண்டும் சேர்ந்து எனக்கு என்றைக்காவது வந்திருக்கிறதா? விடாமல் இருந்தால் திட்டுவேன். திட்டவில்லையென்றால், எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிடுவேன்.

கூடையில் இன்னும் எத்தனையோ இருந்தன. வார்த்தையைக் கண்டுபிடிக்கிற 'ஹேங்மேன்' பெரியவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் பழக அருமையானது. ஆனால் அகராதியிலிருந்து எடுப்பதால் சில சமயம் எம்.ஏ. படித்தவர்களே திணறுகிற வார்த்தையாகப் போடும்! நிலாவின் பிறை எவ்வளவு என்று சொல்கிற ஒரு குட்டிப் புரோகிராம் கூட இருந்தது. என் மாமியார் நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சரிபார்த்தார். "பரவாயில்லை, அமாவாசை இதுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்தார்.

ஆனால் எங்கள் வீட்டையே மாற்றியது குகை விளையாட்டுத்தான். 'அட்வெஞ்சர்' என்று அதற்குப் பெயர்.

இதை எழுதிய வில் க்ரௌதர் கம்ப்யூட்டர் நிபுணர். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டை அமைத்தவர்களில் ஒருவர். அவரும் மனைவி பட்ரீஷியாவும் அமெரிக்காவில் கென்டக்கியிலுள்ள மாமத் குகையில் இறங்கி அளந்து வரைபடம் போடுகிறவர்கள். இதுவரை தெரிந்த குகைகளிலேயே உலகத்தில் மிக நீளமானது அது, 650 கிலோமீட்டருக்கும் மேல். 1972-ல், மற்றவர்கள் நுழைய முடியாத ஒரு இடுக்கில் ஒல்லியான பட்ரீஷியா தவழ்ந்து போய் வழி கண்டார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் இருந்த குழு, பக்கத்துக் குகைத்தொடரும் மாமத் குகையும் ஒன்றே என்று நிரூபித்தது. ஒரு பெண் செய்த சாதனை என்று நாம் பெருமைப்படலாம்.

பிறகு அந்தத் தம்பதி பிரிந்து விட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் அப்பாவிடம் வரும்போது சேர்ந்து விளையாட ஏதாவது வேண்டும், தான் இழந்த குகையையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று 1975-76 வாக்கில் க்ரௌதர் இந்த விளையாட்டை எழுதினார். கம்ப்யூட்டரைக் கண்டு மிரளுகிறவர்கள் கூட ஆட வேண்டும் என்பதற்காக, 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்கிற மாதிரி சாதாரணப் பேச்சு வார்த்தைகளால் ஆடும்படி செய்தார். 1977-ல் டான் வுட்ஸ் என்ற மாணவர் அவரிடம் அனுமதி வாங்கி அதைப் பெரிதாக்கினார். அதைத்தான் உலகமெல்லாம் ஆடினார்கள்.

பாட்டி கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "இப்ப நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்பாரே, அதே ரகம். ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள், சின்னச் செங்கல் கட்டடம் தெரிகிறது என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். சொல்வது நம் முறை. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்பதால் நான் படித்து அர்த்தம் சொல்ல, பையன் தட்டுவான். இரவு சாப்பாடு ஆனபின் தினமும் அரை மணி. போகப் போகக் குகையில் திசை குழம்பிற்று. "வரைபடம் போட்டாத்தான் ஆகும் அம்மா" என்றான். பழைய நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து, கிழக்கு மேற்கு குறித்து, எது எங்கே இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தோம்.

ஓர் அறையில் ஒரு கறுப்புக் கோல் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்தாற்போல் ஒரு அறையில் ஒரு சின்னக் குருவி. கையில் கூண்டும் இருந்தது. பிடி என்றோம். நீங்கள் உள்ளே வரும்போது பயப்படாமல் இருந்த குருவி, கிட்டே வந்ததும் கலவரப்படுகிறது, பிடிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. நான்கு தடவை, ஐந்து தடவை. அதே பதில்.

"சே, என்ன குருவி இது! கூண்டு இருக்கு, இன்னும் என்னதான் வேணுமாம்?" என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

பையன் வரைபடத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்: "அம்மா... அந்தக் கோலைக் கீழே போட்டுப் பார்க்கலாமா? அதைப் பார்த்துத்தான் குருவி பயப்படுதோ என்னமோ."

கோலைக் கீழே போட்டோம். குருவியைப் பிடி என்றோம். பிடித்தாயிற்று.

அவன் குதித்தான். எனக்குக் குதிக்க வரவில்லை. அவன் என்னைச் சுட்டிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குக் கண்ணில் நீர் வந்து விட்டது. கோலைக் கண்டால் குருவி என்ன செய்யும் என்பது என் வீட்டில் அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்?

பிறகு அந்தக் குருவிதான் வழியை மறித்த பாம்பை விரட்டியது. கோல் வீணா என்றால், அதுவும் இல்லை. குகையில் ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அங்கே அதே கோலை ஆட்டினால் பளிங்குப் பாலம் ஒன்று தோன்றுகிறது! எதற்கும் ஒரு இடம் இருக்கிறது போலிருக்கிறது.

மறுநாள் அலமாரியிலிருந்து ஸ்கேலை எடுத்து அவனிடமே கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்று இரண்டு அடி பின்னால் போனான். "வரைபடத்துக்குக் கோடு போட, கண்ணா" என்றேன். அவன் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

அவன் இப்போது வகுப்பில் முதல் மாணவன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஏழெட்டு என்றால் இன்றும் ஒரு வினாடி யோசித்துத்தான் சொல்கிறான். ஆனால் ஐம்பத்தாறு என்றே சொல்கிறான். பரீட்சை நாள் வயிற்றுவலி மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது இல்லை. விளையாட்டு மட்டும் அதைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று அது எனக்குக் காட்டிக் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் முயன்று பார்க்க விரும்பினால், சில யோசனைகள்:

1. பழைய கம்ப்யூட்டரே போதும். பல லினக்ஸ் வகைகளில் இந்தக் கூடை தானாக வராது. தெரிந்தவர்களிடம் 'பிஎஸ்டி கேம்ஸ்' என்று சொல்லி ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு முறை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் வேண்டாம். விளம்பரம் குறுக்கே வராது, பணம் கட்டு என்று கேட்காது.

2. நேரக் கட்டுப்பாடு இதற்கும் உண்டு. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தள்ளியுள்ள பொருளை இருபது வினாடி பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு ஓய்வு. இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

3. குழந்தையை உட்கார வைத்துவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடாமல், குகை விளையாட்டில் கூட உட்காருங்கள். நமக்குத் தெரியாத இடத்தில் குழந்தை வழி சொல்லட்டும். அதில் அதற்கு வருகிற தைரியமே தனி.

4. கம்ப்யூட்டரே இல்லையா? 1971-ன் அந்தக் கையேட்டிலிருந்த 'மூ' என்ற விளையாட்டுக்குக் காகிதமே போதும். ஒருவர் நான்கு வெவ்வேறு இலக்கங்களால் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். இலக்கமும் இடமும் சரியென்றால் 'காளை', இலக்கம் சரி, இடம் தப்பென்றால் 'பசு'. நினைத்த எண் 4271, சொன்ன எண் 1234 என்றால், 2-க்கு ஒரு காளை, 1-க்கும் 4-க்கும் இரண்டு பசு. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஆடலாம்!

5. அடிக்கடி வயிற்றுவலி என்று குழந்தை சொன்னால், 'நடிக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று பாருங்கள். முதலில் நம் கையைப் பாருங்கள்.

குகை வரைபடம் எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. நேற்று கூட ஒரு புது வழி கண்டுபிடித்தோம். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. ஸ்கேல் எங்கே என்று தேடினோம், கிடைக்கவில்லை. நானும் பெரிதாகத் தேடவில்லை.